நேற்றைய தளம் இன்றைக்கு உதவுமா?

சென்ற மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே, எண்பது வயதைத் தாண்டிய நமது பெரியம்மாவை அழைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியொன்றிற் புறப்பட்டோம். அவர் காதில் அணிந்துகொள்ளும் சிறு கருவி இரண்டு நாட்களாகப் பேசாமற் போய்விட்டது. அதைத் திருத்தும் கடையின் விபரங்களையெல்லாம், கடைக்காரருடைய இணையத்தளத்தில் முதல்நாள் இரவே பார்த்துக் குறித்து வைத்திருந்தோம். சனிக்கிழமைகளிலும் மாலை 5 மணி வரை கடை திறந்திருக்கும் என்று அதிலே கொட்டை எழுத்திற் போட்டிருந்தது. முகவரி இருந்தது, தொலைபேசி இலக்கம் இருந்தது, கண்ணாடிக் கதவொன்றின் முன்னாற் புன்னகை பூத்து நிற்கும் ஊழியர் மூவரின் படமும் இருந்தது. போய் இறங்கிப் பார்த்தால் கண்ணாடிக் கதவையும் காணோம், புன்னகையையும் காணோம். அந்த இடத்திலே பாதணிகள் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, அவர்கள் இடம் மாறிப் போய் இரண்டு வருஷமாகிறதே!” என்றார் பாதணிக் கடைக்காரர். “உங்களைப் போலக் கிழமைக்கு நாலு பேராவது வந்து ஏமாந்து போகிறார்கள்.”

தொலைபேசி இலக்கத்தை அழுத்திப் பார்த்தோம். அது பாவனையில் இல்லை என்று ஒரு குரல் மும்மொழியிலும் அறிவித்தது. பெரியம்மாவோ நடப்பது இன்னதென விளங்காமல், “என்னவாம்? என்னவாம்?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். நடைபாதையில் நின்று, போவோர் வருவோரெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரத்த குரலில், கடை மாறிவிட்டது என்பதை அவருக்கு விளங்கவைக்க வேண்டியதாயிற்று. கிழமைக்கு நாலு பேர் என்றால் இரண்டு வருஷத்தில் எத்தனை பேர் என்று திரும்பி வரும் வழியிற் கணக்குப் பார்த்தோம். நானூறுக்கு மேல் வருகிறது.

கடைக்காரர் மேல் எழுந்த கோபம் வீடு வந்து சேர்வதற்குள் ஓரளவு தணிந்துவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். எழுதிய அன்று அது மெய்தான். அதன் பிறகு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவே. தெருவிலே தொங்கும் பெயர்ப்பலகையாயின் மழையிலும் வெயிலிலும் மங்கும், துருவேறும். அதைக் கண்டதும், இது பழையது, விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றிவிடும். இணையத்தளத்துக்கு மழையுமில்லை, வெயிலுமில்லை. இரண்டு வருஷம் பழசான செய்தியும் இன்று காலை எழுதியது போலவே பளபளக்கும். நம்மை ஏமாற்றியது அந்தப் பளபளப்பேயன்றி அந்த மனிதரல்லர்.

இந்த எண்ணம் வந்ததும், இணையத்தளம் என்னும் இந்த வஸ்து எங்கே, எதற்காகப் பிறந்தது, இன்றுள்ள உருவை எவ்வாறு அடைந்தது என்பதை வாசகர்களோடு, குறிப்பாக மாணவர்களோடு, சற்றுப் பேச வேண்டும் என்று விரும்பினோம். வியாபாரிகள் எவரேனும் இப்பக்கத்தைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் பயன்படலாம்.

சுவிற்சர்லாந்திலே, ஜெனீவா நகருக்கு அருகில், பிரான்ஸ் தேசத்தின் எல்லையை ஒட்டிச் சேர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. பல தேசத்து விஞ்ஞானிகள் அங்கே வருவார்கள். இரண்டு வருஷமளவில் இருந்து ஆராய்ச்சி செய்வார்கள். பின்னர் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். எந்தக் கருவி எந்தக் கருவியோடு தொடர்புடையது, எந்தக் கணக்கை யார் செய்தார் என்ற அறிவெல்லாம் அவர்களோடேயே போய்விடும். இந்த இழப்பைக் கண்டு சலித்தவர்களில் ஒருவர் டிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் தமது மேலதிகாரிக்கு ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். ஓர் ஏட்டிலுள்ள சொல்லைத் தொட்டால் வேறொரு கணினியிலுள்ள இன்னோர் ஏடு திறக்கும்படி எல்லா ஏடுகளையும் ஒரு வலைபோற் பின்னிவிடலாம் என்பதே அதன் சாரம். யோசனை தெளிவாயில்லை, ஆயினும் உற்சாகமூட்டுகிறது என்ற கருத்திலே மேலதிகாரி அதன் முகப்பிற் குறிப்பெழுதி வைத்தார். 1990ஆம் ஆண்டு முடிவதற்குள் உலகின் முதலாவது இணையத்தளம் பேர்ணர்ஸ்-லீயின் மேசைமீதிருந்த கணினியில் இயங்கத் தொடங்கிவிட்டது. யாராவது அறியாமல் அணைத்துவிட்டால் உலகிலிருந்த ஒரேயொரு தளமும் அணைந்துவிடும்! ஆதலால் இதனை அணைக்க வேண்டாம் என்று சிவப்பு மையினால் எழுதிய துண்டொன்றை அக்கணினியில் ஒட்டிவைத்திருந்தார். 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியுலகுக்கும் செய்தி அறிவிக்கப்பட்டது.

இக்கதையில் இரண்டு சிறு விஷயங்கள் நமது கவனத்தை ஈர்த்தன. முதலாவது, சேர்ன் நிலையத்திலே சாதாரண ஊழியர்கள் இந்தப் புதிய வலையைப் பயன்படுத்தக் காரணமாயிருந்தது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமன்று. நிலையத்தின் தொலைபேசி விபரக் கொத்துத்தான். யாருடைய இலக்கம் எது என்பதை இலேசாகப் பார்க்க முடிந்தது. அதற்காகவே பலர் வந்தார்கள். சரியான தொலைபேசி இலக்கத்தைச் சரியான வேளையில் தருவதற்காகவே வலை முதன்முதலில் வேண்டப்பட்டது என்பதை நினைக்கும்போது, பாவனையில் இல்லாத இலக்கத்தை அழுத்தி நின்ற நமக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது, அந்த முதலாவது பக்கத்தின் முதலாவது உருவம் இன்று எவரிடமும் இல்லை. பேர்ணர்ஸ்-லீ அதை நாள்தோறும் திருத்திக்கொண்டும் கூட்டிக்கொண்டும் இருந்தமையால் பழைய வடிவங்கள் அழிந்துபோயின. 1992ஆம் ஆண்டுப் பிரதியொன்று கிடைத்திருக்கிறது. அதைக் கொண்டு 2013ஆம் ஆண்டிலே அப்பக்கத்தைப் பழைய முகவரியில் மீண்டும் ஏற்றி வைத்தார்கள். சரித்திர ஆசிரியர்களுக்கு இது நட்டமே. எனினும், பிறந்த நாள் முதலாகவே நாள்தோறும் திருத்தப்படும் பொருளாக இணையத்தளம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1993ஆம் ஆண்டு ஏப்ரில் 30ஆம் திகதி, இந்த வலையின் நுட்பத்தை யாரும் காசு கொடாமற் பயன்படுத்தலாம் என்று சேர்ன் நிலையம் அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் உலாவி உருவாயிற்று. உலாவி என்பது தளங்களைத் திறந்து பார்ப்பதற்கான செயலி. மொசைக்கிலே எழுத்தோடு படமும் ஒரே பக்கத்தில் தோன்றியது. அதன் பிறகுதான் வியாபார உலகம் கண் விழித்தது எனலாம்.

தொடக்க காலத்து வியாபாரத் தளங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: சாம்பல் நிறப் பின்னணி, நீல நிற இணைப்புகள், மூலையிலே கம்பனியின் சின்னம், கீழே முகவரி. அச்சடித்த துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தது போலிருக்கும். 1995ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமேசன் என்னும் புத்தகக் கடை இணையத்திலே திறக்கப்பட்டபோது வேறொரு வகைப் பக்கம் பெருகத் தொடங்கியது. முன்னைய பக்கங்கள் அவித்து அடுக்கிவைத்த இடியப்பம் போன்றவை. யார் வந்தாலும் அதே தட்டுத்தான். இவையோ கேட்டவுடன் சுட்டுத் தரும் அப்பம். புத்தகத்தின் பெயரும் விலையும் தனியே ஒரு பதிவேட்டில் இருக்கும். வாடிக்கையாளர் கேட்கும் கணத்தில் அப்பதிவேட்டைப் பார்த்துப் பக்கம் தயாராகும். பதிவேட்டில் ஓரிடத்தில் விலையைத் திருத்தினால் எல்லாப் பக்கங்களிலும் திருந்திவிடும். நம்மூர்ச் சிறு கடைகளிற் பலவற்றின் தளங்கள் இன்றும் இடியப்ப இனத்தைச் சேர்ந்தவையே. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் ஆறிய இடியப்பத்தை அவ்வப்போது அகற்ற ஓர் ஆள் வேண்டும்.

இதன் பின்னர் ஓர் ஆடம்பர யுகம் வந்தது. 1996ஆம் ஆண்டிற் பிறந்த பிளாஷ் என்னும் நுட்பம் தளங்களுக்கு ஆட்டமும் பாட்டமும் கற்றுக் கொடுத்தது. ஒரு ஹோட்டலின் பக்கத்தைத் திறந்தால் முதலில் இருள் சூழும். பிறகு இசை எழும். கம்பனியின் பெயர் பறந்து வரும். கடைசியிலேதான் கதவு திறக்கும். இவற்றைத் தாண்டிச் செல்வதற்கென்றே ஒரு பொத்தானையும் வைத்திருந்தார்கள். தாம் பெரும் பணம் செலவிட்டுச் செய்த காட்சியைப் பார்க்காமற் போவதற்கும் தாமே வழி செய்து கொடுத்த வியாபாரிகளை உலகம் வேறெங்கும் கண்டதில்லை! 2007ஆம் ஆண்டில் அப்பிள் கம்பனியின் ஐபோன் வந்தது. அதில் பிளாஷ் இயங்கவில்லை. 2010ஆம் ஆண்டு ஏப்ரிலில் அக்கம்பனியின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கக் கடிதமாகவே வெளியிட்டார். பிளாஷை நம்பிக் கட்டிய தளங்கள் அந்தக் கைத்தொலைபேசியில் வெறும் வெற்றிடமாகத் தோன்றின. 2017ஆம் ஆண்டிலே அதன் உரிமையாளரான அடோபி கம்பனி, இன்னும் மூன்றாண்டுகளில் ஆதரவை நிறுத்திவிடுவோம் என்று முன்னறிவித்தது. 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு நிறுத்தியும் விட்டது. மூன்றாண்டுத் தவணை கொடுத்தும் மாறாத தளங்கள் இருந்தன. உரிமையாளர்கள் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, அவர்களைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது, தளம் மறைந்தது.

கைத்தொலைபேசி செய்த மாற்றம் இத்தோடு நிற்கவில்லை. மேசைக் கணினியின் அகன்ற திரைக்கு அளவெடுத்துத் தைத்த பக்கங்கள், உள்ளங்கையளவு திரையிற் பார்க்கும்போது எறும்பூர்வது போலத் தெரிந்தன. திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே சுருங்கி விரியும்படி அமைக்கும் முறையை 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈதன் மார்க்கொட் என்னும் அமெரிக்கர் ஒரு கட்டுரையில் விளக்கினார். உலகம் அதனைப் பற்றிக்கொண்டது. 2015 ஏப்ரில் 21ஆம் திகதி முதல், கைத்தொலைபேசியில் வாசிக்க வசதியான பக்கங்களுக்கு அங்கு தேடும்போது முன்னிடம் கொடுக்கலாயிற்று கூகிள். 2016 ஒக்டோபரில் உலகளாவிய இணையப் பார்வையில் கைத்தொலைபேசியும் அதையொத்த பலகைக் கணினியும் சேர்ந்து 51.3 வீதத்தை எட்டி, மேசைக் கணினியை முதன்முறையாக முந்திவிட்டன என்று ஸ்டாட்கவுண்டர் என்னும் கணிப்பு நிறுவனம் அறிவித்தது.

நமக்கே உரிய இன்னொரு கதை உண்டு. அது எழுத்தைப் பற்றியது.

கணினிக்கு எழுத்துத் தெரியாது, இலக்கந்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் என்று முன்னரே உடன்பாடு செய்துகொண்டுதான் அதில் எழுதுகிறோம். 1990களில் நம்மவர்கள் தமிழிலே தளங்கள் அமைக்கத் தொடங்கிய காலத்திலே, தமிழுக்கென யாவரும் கைக்கொண்ட பொது உடன்பாடு இல்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இலக்கங்களையே எடுத்து, அவற்றின் மேலே தமிழ் முகமூடியை மாட்டிவிட்டார்கள். அத்தகைய எழுத்துருக்களில் இலங்கையிற் பெருவழக்காயிருந்தது பாமினி. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினியின் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி உள்ள கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியில் முகமூடி கழன்று, ஜே கே பி ஓ என்று பல்லிளிக்கும். ஒருவர் பாமினி, இன்னொருவர் வேறொன்று, தமிழ்நாட்டிலே மற்றொன்று என்று ஆளுக்கோர் எழுத்துரு. ஒவ்வொரு தளத்தையும் வாசிக்க முன்னர் அதற்குரிய எழுத்துருவை இறக்கிப் பொருத்த வேண்டும். அன்று அதைவிட்டால் வேறு வழியில்லை. அந்த முகமூடிகளைச் செய்தவர்கள் இல்லாவிட்டால் இணையத்திலே தமிழ் பல ஆண்டுகள் பிந்தியிருக்கும்; அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இலக்கம் வழங்கும் யூனிகோட் என்னும் ஒழுங்கிலே, 1991ஆம் ஆண்டு வெளிவந்த முதலாவது பதிப்பிலேயே தமிழுக்கும் இடமிருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகள் அதை விளங்கிக்கொள்ளும் நிலை வரச் சில ஆண்டுகள் சென்றன. மைக்ரோசொப்ட் கம்பனியின் விண்டோஸ் 2000 வந்த பிறகே, தனியாக எழுத்துரு தேடாமல் தமிழை வாசிக்கும் வசதி பரவியது. அதன் பின்னர் பத்திரிகைகளும் பெரிய ஸ்தாபனங்களும் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாறின. மாறாமல் நின்றவையும் பல. பழைய மாணவர் சங்கத் தளங்கள், கோயில் மலர்கள், சிறு பதிப்பகங்களின் நூற்பட்டியல்கள் என்று எத்தனையோ, முகமூடியோடு அப்படியே உறைந்துபோயின. கைத்தொலைபேசியிலே பாமினி இல்லை. தேடுபொறியிலே ‘கல்லூரி’ என்று தமிழில் தேடினால் அந்தத் தளம் அகப்படாது. ஏனெனில் அதனுள்ளே ‘கல்லூரி’ என்ற சொல்லே இல்லை, ஆங்கில எழுத்துக் குவியல்தான் இருக்கிறது. பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் செயலியும் அந்தக் குவியலையே வாசிக்கும். யாரோ ஓர் ஆசிரியர் இரவிரவாகக் கண் விழித்துத் தட்டச்சிட்ட கல்லூரி வரலாறு, இருந்தும் இல்லாததாயிற்று. இன்று அதனை யூனிகோடுக்கு மாற்றுவது கடினமன்று. மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பிற்பகல் வேலை. அந்தப் பிற்பகலைக் கொடுக்கத்தான் ஆளில்லை.

இதுவரை சொன்னவை தோன்றாமற் போவதால் வரும் நட்டம். பூட்டாமல் விடுவதால் வரும் நட்டம் வேறு. ஐக்கிய அமெரிக்காவிலே, மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைத்துக்கொள்ளும் ஈக்குவிபக்ஸ் என்னும் பெரிய கம்பனி உண்டு. கடன் விபரத்தில் பிழை கண்டவர்கள் முறையிடுவதற்கு அது ஒரு தளம் வைத்திருந்தது. அத்தளத்தைத் தாங்கிய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் ஓட்டையொன்று இருப்பது 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியாயிற்று. ஓட்டையை அடைக்கும் திருத்தமும் அதே மாதத்தில் இலவசமாகவே வெளியாயிற்று. திருத்தும்படி கம்பனிக்குள் அறிவித்தலும் போனது. ஆயினும் அந்தத் தளம் திருத்தப்படவில்லை. மே மாதத்திலே கள்வர்கள் அதன் வழியாக நுழைந்தார்கள். ஜூலை முடியும் வரை உள்ளேயே இருந்தார்கள். சுமார் 14 கோடி 70 இலட்சம் மக்களின் விபரங்கள் களவு போயின. வேடிக்கை என்னவென்றால், போக்குவரத்தைச் சோதிக்கும் கருவியொன்றும் கம்பனியிடம் இருந்தது. அதற்குரிய சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தபடியால் அது குருடாய் இருந்தது. ஜூலைக் கடைசியிலே சான்றிதழைப் புதுப்பித்தார்கள். உடனே களவு கண்ணில் பட்டது. 2019ஆம் ஆண்டில் ஏற்பட்ட இணக்கத்தின்படி குறைந்தது 57 கோடி 50 இலட்சம் டொலர் கொடுக்க அக்கம்பனி உடன்பட்டது.

அது பெரிய கம்பனி, நமக்கென்ன என்று சொல்வதற்கில்லை. உலகிலுள்ள இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல், 2003ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் ஒரே மென்பொருளால் இயங்குகின்றன. அதிலும், அதனோடு பொருத்தும் துணைச் செயலிகளிலும் ஓட்டைகள் அவ்வப்போது வெளியாகும், திருத்தங்களும் வெளியாகும். கள்வர்கள் வீடு வீடாகச் சென்று தட்டுவதில்லை. திருத்தப்படாத கதவுகளைத் தேடும் பொறிகளை அவிழ்த்துவிடுகிறார்கள். அப்பொறிகளுக்கு வங்கியும் ஒன்றுதான், பலகாரக் கடையும் ஒன்றுதான். செய்தியை மறைமொழியில் அனுப்பும் பாதுகாப்பு முறை இல்லாத தளங்களை, கூகிளின் குரோம் உலாவி 2018 ஜூலை முதல் ‘பாதுகாப்பற்றது’ என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டத் தொடங்கியது. அதைக் கண்ட வாடிக்கையாளர் கடையைத்தான் சந்தேகிப்பார். சான்றிதழைப் பற்றி அவருக்கென்ன தெரியும்? அந்தச் சான்றிதழையோ 2015ஆம் ஆண்டு முதல் லெட்ஸ் என்கிறிப்ட் என்னும் பொதுநல அமைப்பு இலவசமாகவே வழங்கி வருகிறது.

இனி, தளத்திலே சொல்லும் வார்த்தைக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயமொன்று ஒரு சிறு வழக்கைத் தீர்த்தது. பாட்டியை இழந்த ஒருவர், மரணவீட்டுக்குச் செல்வோருக்குரிய சலுகைக் கட்டணத்தைப் பற்றி எயர் கனடா விமானக் கம்பனியின் தளத்திலே விசாரித்தார். அங்கிருந்த உரையாடற் பொறி, இப்போது முழுக் கட்டணம் செலுத்திப் பயணச் சீட்டை வாங்கலாம், 90 நாட்களுக்குள் விண்ணப்பித்துச் சலுகையைப் பெறலாம் என்றது. அதே தளத்தின் வேறொரு பக்கம், பயணத்துக்குப் பின் சலுகை கிடையாது என்றது. பொறியை நம்பியவருக்குக் கம்பனி பணம் கொடுக்க மறுத்தது. பொறி சொன்னதற்குப் பொறியே பொறுப்பு என்ற பாணியிலும் அது வாதாடிப் பார்த்தது! தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. நிலையாக நிற்கும் பக்கமாயினும் பேசும் பொறியாயினும், தளத்திலுள்ள எல்லாவற்றுக்கும் கம்பனியே பொறுப்பு என்றும், எந்தப் பக்கம் மெய் என்று வாடிக்கையாளர் ஆராயக் கடமைப்பட்டவரல்லர் என்றும் கூறி, சுமார் 650 கனேடிய டொலர் நட்டஈடு விதித்தது. தொகை சிறிது. ஆயினும் துக்கத்தோடு வந்த ஒருவருக்குச் சொன்ன வார்த்தை அது.

புதுப்பிப்பது என்றால் புது வர்ணம் பூசுவது என்று எண்ணுவோர் பலர். நாம் அப்படி எண்ணவில்லை. ‘ஸ்பேஸ் ஜாம்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்துக்காக 1996ஆம் ஆண்டிலே அமைத்த தளம், அடுத்த படம் வெளியான 2021 வரை அப்படியே இருந்தது; இன்று வேறு முகவரியிற் பாதுகாக்கப்படுகிறது. மக்கள் அதைத் தேடிச் சென்று மகிழ்ந்து பார்க்கிறார்கள். அது பழசு, ஆனால் அதிலே எவரையும் வழிதவறச் செய்யும் கடை நேரமோ விலையோ இல்லை. மாறாக, வருஷந்தோறும் புது உடை உடுத்திக்கொண்டு பழைய தொலைபேசி இலக்கத்தையே காட்டும் தளங்களும் உள. இன்னொரு கூட்டம், புதுப்பிக்கிறோம் என்று பக்கங்களின் முகவரிகளையெல்லாம் மாற்றிவிடும். நேற்றுவரை அப்பக்கங்களைச் சுட்டிக்காட்டியவர்களின் இணைப்புகள் அனைத்தும் அறுந்துபோம். அது தகாது என்று பேர்ணர்ஸ்-லீ 1998ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். கேட்டவர் சிலரே. 2013ஆம் ஆண்டில் இருந்த பக்கங்களில் 38 வீதமானவை பத்தாண்டுகளின் பின் திறக்கவில்லை என்று பியூ ஆராய்ச்சி நிலையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியது தளத்தின் பெயர். இதில் மறதிக்குப் பெரியவர் சிறியவர் என்ற பேதமில்லை. 1999ஆம் ஆண்டு நத்தார் வேளையிலே, தனது தபால் சேவைக்கு வாயிலாயிருந்த ஒரு பெயருக்குரிய 35 டொலரைச் செலுத்த மைக்ரோசொப்ட் கம்பனியே மறந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் தமது தபாலைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். கடைசியில், அக்கம்பனியோடு சம்பந்தமில்லாத கணினியாளர் ஒருவர் தமது பணத்திலிருந்து 35 டொலரைக் கட்டிவைத்தார்! இலங்கைக்குரிய ‘எல்கே’ பெயர்களை 1990 முதல் நம் நாட்டிலேயே பதிவு செய்து வருகிறார்கள். 2010ஆம் ஆண்டு முதல் ‘.இலங்கை’ என்று தமிழில் முடியும் பெயருக்கும் இடமுண்டு. எந்தப் பெயராயினும், அது யாருடைய பெயரிற் பதிவாகியிருக்கிறது என்பதை வியாபாரி அறிந்திருக்க வேண்டும். இது அற்ப விஷயம் போலத் தோன்றும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், அடுத்த திங்கட்கிழமை வரை.

ஞாயிறு முழுவதும் பெரியம்மா மௌன விரதம் காத்தார். திங்கட்கிழமை காலை, மருந்துக் கடைக்காரர் ஒருவர் வழிகாட்டக் கருவி திருத்தும் கடையின் புதிய இடத்தைக் கண்டுபிடித்தோம். வாசலிலே புத்தம் புதிய பெயர்ப்பலகை. உள்ளே, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி உரிமையாளர் அமர்ந்திருந்தார். கருவியை வாங்கித் திறந்து, ஊசி போன்றதொரு ஆயுதத்தால் எதையோ சுரண்டிக்கொண்டே நாம் கூறியதையெல்லாம் கேட்டார்.

“தளத்தைச் செய்து தந்தவன் என் அக்காவின் மகன், ஐயா. கெட்டிக்காரன். கனடாவுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. கடவுச்சொல் அவனிடந்தான் இருக்கிறது.”

“தளத்தின் பெயர் யாருடைய பெயரிற் பதிவாகியிருக்கிறது?”

“அதுவும் அவனுடைய பெயரில்தான். வருஷப் பணத்தையும் பாவம் அவனே கட்டி வருகிறான்.”

சேர்ன் நிலையத்து விஞ்ஞானிகளின் கதைதான் இங்கும். ஆள் போனார், அவரோடு அறிவும் போயிற்று. பாதணிக் கடைக்காரர் சொன்னதை, கிழமைக்கு நாலு பேர் என்ற கணக்கை, அவருக்குச் சொன்னோம். சுரண்டிய கை நின்றுவிட்டது. கருவியை மூடிப் பெரியம்மாவின் காதிற் பொருத்திவிட்டு, அங்கே நள்ளிரவு என்பதையும் பொருட்படுத்தாமல் உடனே மருமகனை அழைத்தார். நித்திரைக் குரலில் அந்தப் பிள்ளை ஏதோ சொல்வது தொலைபேசிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது. நமக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

“என்னவாம்?” என்று கேட்டோம்.

“கடவுச்சொல்லை மறந்துபோனானாம். தேடித் தருகிறானாம்” என்று நமக்குச் சொன்னவர் பெரியம்மா.

சென்ற வாரம் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தோம். முகவரி சரி, தொலைபேசி இலக்கமும் சரி. சனிக்கிழமைகளில் மதியம் 1 மணி வரை என்று போட்டிருக்கிறது. கண்ணாடிக் கதவின் முன்னே நிற்கும் அந்த மூவரின் படம் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.